காஞ்ச மலைக்குப் பன்னிரண்டு கிலோ

வகுப்பில் நான் நின்ற முதல் நாளிலேயே எனக்கு உத்தரவு போட்டவள் நிரஞ்சலா.

பசறையிலிருந்து மடுல்சீமைக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, தேயிலைக்கு நடுவே இரண்டு கிலோமீட்டர் நடந்தால் எங்கள் பள்ளிக்கூடம். பட்டம் முடித்து ஒன்றரை வருடம் சும்மா இருந்த பிறகு, வரலாறு படிப்பிக்க என்னை அங்கே போட்டிருந்தார்கள். தரம் பதினொன்றில் இருபத்தாறு பிள்ளைகள். பலகையில் தலைப்பை எழுதிவிட்டு முதல் வரியைத் தொடங்கினேன். முன்வரிசையின் இடது ஓரத்தில், ஜன்னலை ஒட்டி இருந்த ஒரு பெண் எழுந்தாள்.

"மிஸ், மஞ்சச் சோக்கு வேணாம். வெள்ளதான் எனக்குத் தெரியும். எழுதுறப்ப வாயாலயும் சொல்லிக்கிட்டே எழுதுங்க. நடுவுல நான் எந்திரிச்சுப் பலகைகிட்ட வருவேன், கோவிச்சுக்காதீங்க. தலைய இப்படித் திருப்பித்தான் பாப்பேன். அது பராக்குப் பாக்குறது இல்ல."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒரு பிள்ளை எனக்கு எப்படிப் படிப்பிப்பது என்று சொல்லித் தருகிறது.

அவளுக்குப் பக்கத்தில் இருந்த றிஸ்னி நிலைமையைப் புரிந்துகொண்டு குரல் கொடுத்தாள். "இவ எல்லாருக்கும் இதச் சொல்லுவா மிஸ். சயன்ஸ் சேருக்கு மூணு தடவ சொன்னா. அவரு இப்ப கனவுலகூட வெள்ளச் சோக்குலதான் எழுதுறாராம்."

வகுப்பு சிரித்தது. நான் மஞ்சள் சோக்கை வைத்துவிட்டு வெள்ளையை எடுத்தேன். கை எடுத்துவிட்டது, மனம் எடுக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் நான்கு வருடமும் ஒரு விரிவுரையாளரிடம்கூட "எனக்கு விளங்கவில்லை" என்று எழுந்து சொன்னவள் இல்லை நான். விளங்காததை அறைக்குக் கொண்டுபோய், தலையணைக்குப் பக்கத்தில் வைத்து மனப்பாடம் செய்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி இப்படித்தான் உருவானாள். அன்று எனக்கு வந்த கோபம் அந்தப் பிள்ளையின் துணிச்சல்மேல்தானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

நிரஞ்சலாவின் கண்மணிகள் பிறந்ததிலிருந்தே ஓரிடத்தில் நிற்பதில்லை. இப்படியும் அப்படியும் சிறிதாக ஆடிக்கொண்டே இருக்கும். கண்ணாடி போட்டிருக்கிறாள், அதுவும் ஓரளவுக்குத்தான் உதவுகிறது. தலையை இடப்பக்கம் திருப்பிக் கடைக்கண்ணால் பார்த்தால் ஆட்டம் குறையும், எழுத்து நிற்கும். இதை எந்த மருத்துவரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. நான்கு வயதில் கோழிக்குஞ்சுகளை எண்ணும்போது தானாகவே கண்டுபிடித்துக்கொண்டதாகச் சொல்வாள்.

சிக்கல் தரம் எட்டில் வந்தது. தவணைப் பரீட்சையில் அவளை நடுவரிசையில் இருத்தினார்கள். இடப்பக்கத்தில் றிஸ்னி. இவள் வழக்கம்போலத் தலையை இடப்பக்கம் திருப்பித் தன் தாளைப் பார்த்திருக்கிறாள். தூரத்திலிருந்து பார்த்த ஆசிரியருக்கு அது றிஸ்னியின் தாளைப் பார்ப்பதுபோலத் தெரிந்திருக்கிறது. விடைத்தாளைப் பறித்து, உள்ளங்கையில் இரண்டு அடியும் போட்டார். அன்றைக்கு றிஸ்னி எழுந்து சொன்னதை அந்த வகுப்புப் பிள்ளைகள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

"சேர், இவ என் பேப்பரப் பாத்து எழுதியிருந்தா ஃபெயிலாயிருப்பா சேர். என் பேப்பர நீங்களே பாருங்க."

இருவரின் தாள்களையும் வைத்துப் பார்த்ததில் றிஸ்னிக்கு முப்பத்தொன்று, நிரஞ்சலாவுக்கு அறுபத்தெட்டு. அடித்தவர் அடுத்த நாள் இருவருக்கும் பனிஸ் வாங்கிக் கொடுத்தாராம். அதற்குப் பிறகுதான் நிரஞ்சலா முந்திக்கொண்டு சொல்லத் தொடங்கினாள்.

"அடி வாங்கினப்புறம் வெளக்கம் சொன்னா பனிஸ்தான் கெடைக்கும் மிஸ்," என்றாள் என்னிடம் ஒரு நாள். "முன்னாடியே சொல்லிட்டா அடி மிச்சம்."

இந்தப் பெண்ணைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அவளுடைய கண்ணால் அல்ல, ஒரு படிவத்தால்.

ஓ.எல். என்னும் சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பம் அனுப்பும் காலம். றிஸ்னியின் அண்ணன் போனில் எதையோ படித்துவிட்டுச் சொல்லியிருக்கிறான்: பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளைகள் கேட்டால் பெரிய எழுத்தில் வினாத்தாளும் மேலதிக நேரமும் கிடைக்குமாம். மறுநாள் இடைவேளையில் நிரஞ்சலா அதிபரின் அறை வாசலில் நின்றாள். துணைக்கு றிஸ்னி. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நானும் உள்ளே இருந்தேன்.

அதிபர் எட்வர்ட் சேர் நல்ல மனிதர். பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி. எந்தக் கடதாசியையும் எறிய மாட்டார், எதையும் தேடிக் கண்டுபிடிக்கவும் மாட்டார்.

"அப்படி ஒண்ணு இருக்கிறதா எனக்குத் தெரியலையேம்மா. இந்தப் பள்ளிக்கூடத்துல இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"இப்ப நான் கேக்குறேன் சேர்."

"சுற்றறிக்கை வந்திருக்கணும். வந்திருந்தா ஃபைல்ல இருக்கணும்."

"தேடுவோம் சேர். நான் பாக்க மாட்டேன், றிஸ்னி பாப்பா."

"சேர், நான் என்ன கிளார்க்கா?" என்றாள் றிஸ்னி. ஆனாலும் அலுமாரியைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு, சத்துணவுக் கடிதங்களும் பழைய விளையாட்டுப் போட்டி அழைப்பிதழ்களும் கட்டியிருந்த கோப்புக்குள்ளிருந்து அது வெளியே வந்தது. எட்வர்ட் சேர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முழுவதையும் படித்தார். படித்து முடித்து, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "இது இங்க ஆறு வருசமா படுத்திருக்கு," என்றார். அவர் குரலில் வெட்கம் இருந்தது. நானும் தலையைக் குனிந்துகொண்டேன். நான் வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. நானும் தேடவில்லை.

படிவத்தோடு வேண்டியவை மருத்துவ அறிக்கையும் பெற்றோரின் கையெழுத்தும்தான். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும்.

பதுளை ஆஸ்பத்திரியின் கண் கிளினிக்குக்கு நான் கூட்டிப் போகிறேன் என்றேன். நிரஞ்சலா வேண்டாம் என்றுவிட்டாள். றிஸ்னியின் தாய் ஸுலைஹா எப்படியும் பதுளைக்குப் போகிறாராம், அவரோடு போனாள். அங்கே நடந்ததை றிஸ்னிதான் நடித்துக் காட்டினாள். டாக்டரிடம் தனக்கு வேண்டியவற்றை நிரஞ்சலாவே சிங்களத்தில் சொல்லியிருக்கிறாள்: எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், ஒரு பக்கம் வாசிக்க எத்தனை நிமிடம் ஆகும், இடப்பக்கத்தில் ஏன் யாரும் இருக்கக் கூடாது. டாக்டர் எல்லாவற்றையும் எழுதி நீட்டியதும், அவள் தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள்.

"என்னவாம்?" என்றேன்.

"எழுத்து சின்னதா இருக்காம் மிஸ். பெருசா எழுதித் தரட்டுமாம், சரியா எழுதியிருக்கான்னு இவ பாக்கணுமாம்! உம்மா அப்படியே எந்திரிச்சு வெளிய போயிட்டாங்க, வெக்கத்துல. டாக்டரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. டைப் பண்ணிக் குடுத்தாரு, இந்தா பெரிய எழுத்து."

அறிக்கை கிடைத்துவிட்டது. கையெழுத்துதான் கிடைக்கவில்லை.

நிரஞ்சலாவின் தகப்பன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. எது கேட்டாலும் போனில் "அம்மாகிட்டக் கேளு" என்பார். தாய் மாரியாயி தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். படிவத்தைக் காட்டியதும், "இதெல்லாம் வேணாம்" என்று அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டார். புதன்கிழமை பின்னேரம் நானே தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துக்குப் போனேன்.

வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தார். "வாங்க டீச்சர், உள்ள வாங்க." ப்ளேன்டீ வந்தது. நான் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். இது சலுகை இல்லை, உரிமை என்றேன். சம வாய்ப்பு என்றேன். எல்லாருக்கும் ஒரே அளவு கொடுப்பது சமத்துவம் ஆகாது என்றும் சொன்னேன். பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றி நான் எழுதிய கட்டுரைக்கு ஏ கிடைத்திருந்தது.

மாரியாயி குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார். பிறகு கேட்டார்:

"ஒங்களுக்கு ஓ.எல்.லுக்கு நேரம் கூட்டிக் குடுத்தாங்களா டீச்சர்?"

"இல்லைங்க."

"கேம்பஸ்ல?"

"இல்ல."

"அப்ப நீங்க முழுப்பேரு. எம்புள்ள மட்டும் ஏன் அரைப்பேரு வாங்கணும்?"

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று சொல்வார்கள். அன்றைக்குச் சொன்ன கிலோ கொழுந்தைப் பறித்துக் கொடுத்தால் செக்ரோல் என்னும் பதிவுப் புத்தகத்தில் முழுப்பேர் விழும். குறைந்தால் அரைப்பேர். நேரத்தோடு வீட்டுக்குப் போனாலும் அரைப்பேர். அரைப்பேர் விழுந்தவள் பாதி ஆள். அதைச் சொல்லிக் காட்ட லயத்தில் எப்போதும் நாலு வாய் இருக்கும். மாரியாயிக்குப் பதினோரு வருடமாக ஒரு அரைப்பேர்கூட விழுந்ததில்லை. காய்ச்சல் என்றால் வேலைக்கே போக மாட்டாரே தவிர, போய்க் குறையமாட்டார்.

"கொறஞ்ச கொழுந்து குடுத்தா பேரு கொறையும். கூட நேரம் வாங்குனா பாசும் கொறையும். சட்டிபிகட்டுல ஒரு மூலையில எழுதிருவாங்க, இது அரை பாசுன்னு. அத வச்சுக்கிட்டு எந்தக் கந்தோருல இவளுக்கு வேல குடுப்பான்? நாளைக்கு மாப்பிள்ள வீட்டுக்காரன் அதத் தூக்கிப் பாத்தா?"

"அப்படியெல்லாம் எழுத மாட்டாங்க."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

நான் பார்த்ததில்லை. "நிச்சயமா எழுத மாட்டாங்க" என்று சொன்ன என் குரலில் நிச்சயம் இல்லை. அது அவருக்கும் கேட்டிருக்கும். அதைவிட இன்னொன்று எனக்குள் குறுகுறுத்தது. நேரம் கூட்டி வாங்கி எழுதியவரின் பாஸ், கூட்டாமல் எழுதியவரின் பாஸைவிடக் கொஞ்சம் மாற்றுக் குறைந்தது என்று என் மனதின் ஒரு மூலையும் நம்பிக்கொண்டுதான் இருந்தது. என்ன கட்டுரை எழுதி என்ன? மாரியாயி வெளியே சொன்னார், நான் சொல்லவில்லை. இதைத்தான் இத்தனை நாளாக என்னிடம் நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். படிப்பு என்னை மாற்றியதா, அல்லது என் பேச்சை மட்டும் மாற்றியதா?

பாதை வரைக்கும் நிரஞ்சலா கூட வந்தாள்.

"நீங்க பேசுனது நல்லாத்தான் இருந்துச்சு மிஸ். ஆனா அம்மாவுக்கு அது ரேடியோ ஓடுற மாதிரி."

"இப்ப என்ன செய்யப்போற? வெள்ளிக்கிழமை கடைசி."

"வீட்டுல வச்சுக் கேட்டா வீட்டுப் பதில்தான் வரும். அம்மா எங்க வச்சு நாயம் பேசுவாங்களோ, அங்க வச்சுக் கேக்கணும்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

நான் தங்கியிருந்த அறைக்கு எதிரே தோட்டத்தின் பெரட்டுக் களம். காலை ஆறே முக்காலுக்கு எல்லாரும் அங்கே கூடுவார்கள். யார் எந்த மலையில் பறிப்பது, எத்தனை கிலோ என்று கங்காணி வீரய்யா அங்கேதான் சொல்வார். மழைக் கோட்டு கிழிந்துவிட்டது, அட்டைக்கு மருந்து இல்லை, நேற்று நிறுத்ததில் குறைந்துவிட்டது, எந்த வழக்கானாலும் பெரட்டில்தான் பேசுவார்கள். வியாழக்கிழமை காலை நான் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அங்கிருந்து வழக்கத்துக்கு மாறான சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஈரம் படாமல் இடுப்பைச் சுற்றிப் படங்குத் துணி கட்டிய பெண்களின் வரிசையில், மாரியாயிக்குப் பின்னால், வெள்ளைச் சீருடையும் கழுத்துப்பட்டியுமாக நிரஞ்சலா நின்றாள்.

"அடியே மாரியாயி, ஒம்மக பேரு குடுக்க வந்திருக்கா!" என்று கத்தினார் நல்லம்மா. மாரியாயியோடு ஒரே நிரையில் பறிக்கிறவர், ஒரே லயத்துக்காரர். "கழுத்துல பட்டிய மாட்டிக்கிட்டுக் கொழுந்தெடுக்க வந்த மொத ஆளு நீதான்டி."

மாரியாயி திரும்பிப் பார்த்தார். முகம் இறுகிவிட்டது. "பள்ளிக்கூடத்துக்குப் போடி."

"போறேம்மா. மணியடிக்க இன்னும் நேரம் இருக்கு." நிரஞ்சலா கங்காணியின் பக்கம் திரும்பினாள். "மாமா, ஒரு வழக்கு இருக்கு. பெரட்டுலதானே பேசணும்?"

வீரய்யா பெரிய மீசைக்காரர். கையில் செக்ரோல் புத்தகம். "பேசு தாயி. வயசுக்கு வந்த வழக்கா, வராத வழக்கா?" என்றார். பெண்கள் சிரித்தார்கள்.

"போன ஆவணியில வெயிலு காஞ்சப்ப ஏழாம் நம்பர் மலையில எத்தன கிலோ கேட்டீங்க?"

"பன்னெண்டு."

"மத்த நாள்ல?"

"பதினெட்டு."

"அப்ப ஆறு கிலோ கொறச்சல். பன்னெண்டு குடுத்தவங்களுக்கு அரைப்பேரா போட்டீங்க?"

வரிசையே கொதித்தது. "போட்டுப் பாக்கட்டும்!" என்றது ஒரு குரல். "போட்டிருந்தா அந்த மீச இன்னைக்கு மொகத்துல இருந்திருக்குமா?" என்றார் நல்லம்மா.

வீரய்யாவின் கை தானாக மீசைக்குப் போனது. "முழுப்பேருதாம்மா போட்டேன். தொரையே சொல்லித்தான் போட்டேன். மல காஞ்சு கெடந்துச்சு, இவங்க கையில என்ன கொற? பதினெட்டு எடுக்குற அதே கைதான், அதே வேலதான். காஞ்ச மலையில பன்னெண்டு எடுக்குறது பச்ச மலையில பதினெட்டு எடுக்குறதவிடக் கஷ்டம்."

"அதுதான் வழக்கு மாமா." நிரஞ்சலா தலையை இடப்பக்கம் திருப்பித் தாயைப் பார்த்தாள். "அம்மா, என் கண்ணுதான் காஞ்ச மல. கையி நல்லாத்தான் இருக்கு. நான் கொறஞ்ச வேல கேக்கல. எல்லாருக்கும் உள்ள அதே கேள்விக்குத்தான் பதில் எழுதப்போறேன். வாசிக்க நேரந்தான் கேக்குறேன். இதுக்குப் போயி எனக்கு அரைப்பேருன்னு நீங்களே சொல்றீங்களே?"

களத்தில் சிரிப்பு நின்றது. நான் ஈர முகத்தோடு ஜன்னலில் நின்றேன். இனி மாரியாயி இளகிவிடுவார் என்று நினைத்தேன். அவர் இளகவில்லை.

"காஞ்ச மல மழ பேஞ்சா தளுத்துரும்," என்றார் மெதுவாக. "ஒங்கண்ணு?"

நிரஞ்சலா ஓரடி முன்னால் வந்தாள்.

"தளுக்காதும்மா. டாக்டரு சொல்லிட்டாரு, இது இப்படித்தான் இருக்குமாம். அதனாலதான் எனக்கு எப்பவும் பன்னெண்டுன்னு எழுதி வாங்கிக்கிறேன்னு சொல்றேன். இந்த வருசம் மட்டுமில்ல, எப்பவும்."

அவள் அழவில்லை. மாரியாயியும் அழவில்லை. மூக்கை உறிஞ்சியவர் நல்லம்மாதான்.

"பேனா யாருகிட்ட இருக்கு?" என்று அதட்டினார் நல்லம்மா. "கங்காணி, காதுல வச்சிருக்கீங்களே, அதக் குடுங்க. போடுடி கையெழுத்த. தளுக்காத மலைக்குக் கணக்குக் கேட்டு வந்திருக்கா, குடுக்க மாட்டியா நீ?"

"இங்க போட மாட்டேன்," என்றார் மாரியாயி. "பெரிய சேருகிட்ட ஒரு வார்த்த கேக்கணும். கேட்டுட்டுப் போடுறேன். நீ போ, மணியடிச்சுருவாங்க."

பதினொன்றரைக்கு அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். படங்கைக் கழற்றக்கூட இல்லை. காலில் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் எட்வர்ட் சேரின் மேசைக்கு முன்னால் நின்றார்.

"சட்டிபிகட்டுல அரைன்னு போடுவாங்களா சேர்?"

எட்வர்ட் சேர் "சே, சே, போட மாட்டாங்க" என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைவிட நேர்மையாக இருந்தார். "எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சவங்ககிட்டக் கேப்போம்," என்று வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போன் போட்டு, சத்தம் வெளியே கேட்கும்படி வைத்தார். ஒருவர் எடுத்து, இன்னொருவருக்குக் கொடுத்து, அவர் வேறொருவருக்குக் கொடுத்தார். மூன்றாவது குரல் ஒரு பெண்ணுடையது.

"இல்ல சேர். எல்லாருக்கும் ஒரே சான்றிதழ்தான். மேலதிக நேரம் வாங்கினதா அதுல ஒண்ணும் இருக்காது."

"இன்னொருக்கா சொல்லச் சொல்லுங்க," என்றார் மாரியாயி.

அந்தப் பெண் இன்னொருமுறை சொன்னார்.

"அவங்க பேரு என்னன்னு கேளுங்க."

எட்வர்ட் சேர் தயங்கினார். போனிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. "நிலுக்ஷின்னு சொல்லுங்க சேர். நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அம்மா என்னத் தேடி வரட்டும்."

மாரியாயி படிவத்தை மேசையில் விரித்து, சம்பளத் தாளில் போடுவதுபோலவே ஒவ்வொரு எழுத்தாக அழுத்திக் கையெழுத்துப் போட்டார். நடு வேலையில் இறங்கி வந்ததால் அன்றைக்கு அவருக்கு அரைப்பேர் விழுந்தது. முழுப்பேராகவே போடுகிறேன் என்று வீரய்யா சொல்லிப் பார்த்தாராம். "நான் மலையில இல்லாத நேரத்துக்கு எனக்கு எதுக்குப் பேரு?" என்று மறுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலை எட்வர்ட் சேரே விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். தபாலை நம்பவில்லை.

அனுமதி கிடைத்தது: பெரிய எழுத்து வினாத்தாள், ஒவ்வொரு தாளுக்கும் அரை மணி நேரம் கூடுதல், ஜன்னலோர மேசை.

பெறுபேறு இன்னும் வரவில்லை. வருவதற்கு முன்பே இதை எழுதிவிட வேண்டும் என்று இருந்தது. வந்த பிறகு எழுதினால் ஏ, பி, சி-தான் நிரஞ்சலா என்று ஆகிவிடும். அவளும் அதைத்தான் பெரிதாகப் பேசுவாள், நானும்தான்.

பரீட்சை பசறையில் ஒரு பெரிய பாடசாலையில் நடந்தது. கணிதத் தாள் அன்று பிள்ளைகளைக் கூட்டிப்போகும் முறை எனக்கு. பரீட்சை தொடங்கிய நாளில் மேற்பார்வையாளர் "நேரே பார்த்து எழுதம்மா" என்றாராம். இவள் எழுந்து, "எனக்கு இதுதான் சேர் நேரே" என்று சொல்லி மருத்துவ அறிக்கையின் பிரதியை நீட்டியிருக்கிறாள். அதற்குப் பிறகு அவரே தினமும் ஜன்னல் திரையை விலக்கி வைத்தாராம். வினாத்தாளைப் பற்றி றிஸ்னி சொன்னாள்: "பேப்பரா மிஸ் அது? படங்கு. மழ வந்தா நாங்க மூணு பேரு அதுக்குள்ள நிக்கலாம்."

மணி அடித்து எல்லாப் பிள்ளைகளும் வெளியே வந்துவிட்டார்கள். முந்தின பஸ்ஸில் மற்றவர்கள் போய்விட, நானும் றிஸ்னியும் வாசலில் காத்திருந்தோம். அந்த அரை மணி நேரம் எனக்குத்தான் நீளமாக இருந்தது. றிஸ்னி இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டாள். நிரஞ்சலாவுக்கு வாங்கியதில் பாதியையும் சாப்பிட்டாள். நிரஞ்சலா கையில் மை அப்பிக்கொண்டு வந்தாள். எப்படி என்று நான் கேட்பதற்கு முன்பே அவள் றிஸ்னியிடம் கேட்டாள்.

"கடைசிக் கேள்வி, அந்தத் தண்ணித் தாங்கி, ஒனக்கு எவ்வளவு வந்துச்சு?"

றிஸ்னி வாயில் இருந்ததை விழுங்கவில்லை. என்னைப் பார்த்தாள். "மிஸ், இத்தன வருசத்துல இவ கடைசிக் கேள்வியப் பாத்ததே இல்ல. ஒவ்வொரு பரீட்சையிலயும் அதுக்கு முன்னாடியே மணியடிச்சுரும். நாங்க எல்லாரும் பஸ்ல விடைய வச்சு அடிச்சுக்குவோம், இவ மட்டும் ஜன்னல்ல பாத்துக்கிட்டு வருவா."

"எவ்வளவுடி வந்துச்சு?"

"ஆயிரத்து எரநூத்து முப்பத்திரண்டு."

"தப்பு. முந்நூத்து எட்டு."

"என்ன தப்பு? ஒனக்குத்தான் தப்பு!"

"நீ விட்டத்தப் போட்டிருப்ப. ஆரையில்ல போடணும்?"

"விட்டந்தான்டி குடுத்திருந்தான்!"

"அதத்தான் பாதியாக்கணும்கிறேன்."

பஸ் வந்தது. ஏறியும் சண்டை ஓயவில்லை. பின் சீட்டிலிருந்த ஒரு அண்ணன் விட்டம்தான் என்றார். கண்டக்டர், "மொதல்ல டிக்கெட்ட எடுங்க, அப்புறம் தாங்கியில தண்ணி நெறப்புங்க," என்றார். இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"மிஸ், நீங்க கேம்பஸ் முடிச்சவங்க. சொல்லுங்க."

நான் வரலாற்றுப் பட்டதாரி. கணிதத்தை ஓ.எல்.லோடு கும்பிட்டு விட்டவள். தெரிந்ததுபோல ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். "எனக்கு விளங்கல," என்றேன். "நிரஞ்சலா, முதல்லருந்து சொல்லு. மெதுவாச் சொல்லு."

அவள் கொப்பியைக் கண்ணருகே பிடித்து, குலுங்கும் பஸ்ஸில் வளைந்து நெளிந்த ஒரு தாங்கியை வரையத் தொடங்கினாள். இது விட்டம், இதில் பாதி ஆரை, இப்போது ஆரையை ஆரையால் பெருக்குங்கள். நான் பெருக்கினேன். தப்பாக வந்தது. இன்னொருமுறை பெருக்கச் சொன்னாள். றிஸ்னி தன் தாளின் பின்பக்கத்தில் தனியாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டே முணுமுணுத்தாள். மூவரும் முந்நூற்றெட்டில் வந்து நின்றபோது தலையை நிமிர்த்திப் பார்த்தேன். நாங்கள் இறங்க வேண்டிய இடம் பின்னால் போய் ஒரு மைலாவது இருக்கும்.